காதில் விழக்கூடாத சொல்

எங்கள் டாக்டரம்மா பேசுகிற தமிழ், ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ். "நீங்கள் காலையில் என்ன உணவு உட்கொண்டீர்கள்?" என்று அவர் ஒரு நோயாளியிடம் கேட்கும்போது பக்கத்துப் படுக்கைக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். டாக்டர் வடநாட்டுப் பெண். புதுச்சேரிக்குப் படிக்க வந்த இடத்தில் புத்தகத்தை வைத்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். என்னைவிட ரொம்பச் சின்ன வயது. ஆனாலும் கையில் அத்தனை நிதானம். அவர் தையல் போட்டால் தழும்பு தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் அவர் தமிழை நான் கேலி பண்ணியதில்லை. பண்ணியிருக்கிறேன், ஆனால் அவர் இல்லாதபோது.

கச்சிராயபாளையம் ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி அது. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. நான் தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போய் வருகிற நர்ஸ். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற கீழ்நாட்டு ஜனம். மீதிப் பேர் கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பிலும் ஆட்டோவிலும் இறங்கி வருகிறவர்கள்.

மலைக்காரர்கள் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரையும் நீ, கலெக்டர் வந்தாலும் நீ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு உடம்பெல்லாம் எரியும். நேற்றுப் பிறந்தவள் என்னைப் பார்த்து 'இங்க வா, இத புடி' என்பாள். எங்கள் ஊரில் சொந்த மாமியாரைக்கூட 'ங்க' போடாமல் பேசினால் அன்றைக்குச் சோறு இறங்காது. போகப் போக, அவர்கள் மரியாதையை வாயில் வைத்துக்கொள்வதில்லை, நாம் குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பைத் தேய்த்துக் கழுவிக் கொடுப்பதில் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எல்லாம் பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு பயிற்சி வேறு கொடுத்தார்கள். பல பண்பாட்டு மக்களிடம் எப்படிப் பேசிப் பழகுவது என்று. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, திரையில் சிரித்த முகங்களாகக் காட்டினார்கள். நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். மலைப் பெண்களின் கண்ணைப் பார்த்துப் பேசினால் அவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்களே, அப்போது என்ன பண்ணுவது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், காலையில் மலையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். ஜீப்புக்குள் எத்தனை பேர்தான் இருந்தார்களோ, இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக இறங்கியவள் கர்ப்பிணிப் பெண். தலைப்பிரசவம். இருபது வயது இருந்தால் அதிகம். முந்தின நாள் பொழுது சாயும்போதே வலி எடுத்திருக்கிறது. நம் பக்கத்துப் பெண்கள் என்றால் ஆஸ்பத்திரியே அதிரும். இவள் சத்தமே போடவில்லை. வலி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கம்பியை விட்டபோது உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவோம். இவளுடன் மாமியார் வந்தாள். மாமியார் என்றதும் கிழவி என்று நினைக்க வேண்டாம். என் வயதுதான் இருக்கும். மருமகளின் இடுப்பைத் தேய்த்துவிடுவாள், தலையை வருடுவாள், என்னைப் பார்த்து 'நீ சாப்டியா' என்று கேட்பாள். புருஷன்காரன் வாசலில் நின்றான். மற்றவர்கள் முற்றத்துப் புங்கமரத்தடியில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

மத்தியானம் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக வந்தது. உள்ளே குழந்தை மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் துடிப்பு பார்க்கிற கருவியை வயிற்றில் வைத்தார். டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொரு வலிக்கும் இறங்கியது. இறங்கினால் திரும்ப ஏற நேரம் எடுத்தது. அடுத்த வலியில் இன்னும் கீழே போனது. டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் கருவியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய், கள்ளக்குறிச்சியிலிருக்கிற மயக்க மருந்து டாக்டருக்குப் போன் பண்ணினார். கிளம்பிவிட்டேன், மழையில் வண்டி மெதுவாகத்தான் வரும் என்றாராம் அவர். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அவர் வந்து சேருவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். தாமதமானால் குழந்தை பிழைக்காது. தாயையும் சொல்ல முடியாது.

சம்மதம் வாங்க வேண்டும். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனேன். புருஷனைக் கூப்பிட்டு, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், விஷயத்தைக் காதில் போட்டு, கையெழுத்து வாங்குவதுதான் எங்கள் வழக்கம். பெண்ணிடம் 'ஒண்ணுமில்லம்மா, சின்ன ஊசி' என்று சொல்லிவிடுவோம். டாக்டர் என் கையைப் பிடித்தார். அந்தப் பெண்ணிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். அவள் பயந்து போவாள், வலியில் இருக்கிறவளிடம் இதையெல்லாமா வாசிப்பது என்று நான் அடிக்குரலில் சண்டை பிடித்தேன். அவர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். ஒரு பிரசவத்தில் அக்காவின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மாமனாருக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியும், கொழுந்தனுக்குக்கூடத் தெரியும். அக்காவுக்கு மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"அவள் உடம்பு. அவளுக்குத் தெரிய வேண்டும்," என்றார். அதே ரேடியோ தமிழ்தான். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

அவருக்குத் தமிழ் வேகமாக வாசிக்க வராது. அதனால் என்னை வாசிக்கச் சொன்னார். நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசித்த மாதிரி உரக்க வாசித்தேன். மயக்க மருந்து, அறுவைச் சிகிச்சை, இரத்தப்போக்கு என்று போய்க்கொண்டிருந்தது. "அறுவைச் சிகிச்சையின்போதோ அதன் பின்னரோ தாய்க்கோ சேய்க்கோ மரணம் நேரக்கூடும் என்பதை நான்" என்பது வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் போகவில்லை.

மாமியார் எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையாலும் மருமகளின் இரண்டு காதையும் அழுத்திப் பொத்தியிருந்தாள்.

"நிறுத்து," என்றாள். "வயித்துப் புள்ளக்காரி காதுல போட்ற பேச்சா இது."

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. வாசல் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டாள். உள்ளே வந்தவனிடம் இரண்டு வார்த்தைதான் சொன்னாள். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீடு புகுந்து அடித்தவளைப் பார்க்கிற பார்வை. அவ்வளவுதான். பெண்ணின் புடவையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள் மாமியார். அவன் பெண்ணைத் தோளில் சாய்த்து எழுப்பினான். புங்கமரத்தடிக்குச் செய்தி எப்படிப் போனதோ, அங்கே தார்ப்பாயை அவிழ்க்கிறார்கள். ஜீப்பைக் கிளப்புகிற சத்தம் கேட்டது.

டாக்டர் வாசலுக்குக் குறுக்கே போய் நின்று, "நீங்கள் இப்பொழுது இங்கிருந்து செல்ல இயலாது," என்றார். அவர் சொல்ல வந்தது, போனால் ஆபத்து என்று. ஆனால் அந்தத் தமிழில் மலைக்காரர்களிடம் பேசுகிறவர்கள் யார்? ஃபாரஸ்ட்காரர், போலீஸ்காரர், கோர்ட்டிலிருந்து ஜப்தி பண்ண வருகிற அமீனா. புருஷன்காரன் முகம் கறுத்துப் போனது. பெண்ணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

எனக்கோ பொறுமை போய்விட்டது. மூடநம்பிக்கையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களே, ஒரு சொல்லுக்காக இரண்டு உயிரைக் கொண்டுபோய் மழையில் தள்ளப் போகிறார்களே என்று வயிறு எரிந்தது. கத்திவிட்டேன்.

"கூட்டிக்கினு போங்க. ஜீப்பு மலை ஏறதுக்குள்ள ரெண்டு உயிரும் போய்டும். அப்ப யார் காத பொத்துவீங்க?"

சொன்ன பிறகுதான் தெரிந்தது, எதை நிறுத்து என்று அவள் சொன்னாளோ அதையே இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று. மாமியார் என்னை அடிக்கவில்லை, அது அவள் நல்ல குணம். மருமகளை அணைத்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து வலி வந்தது. பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். வலி அடங்குவதற்காக எல்லாரும் நின்றோம். அடங்கினால் கிளம்பிவிடுவார்கள். சட்டப்படி எங்களால் தடுக்க முடியாது. குழந்தையின் துடிப்பு என்னவாக இருக்கிறதோ, கருவியை வைத்துப் பார்க்கக்கூட விடமாட்டார்கள்.

அப்போது என் போன் அடித்தது. மயக்க மருந்து டாக்டர்தான் என்று நினைத்து, யார் என்று பார்க்காமலேயே எடுத்தேன். என் மகள். காலேஜிலிருந்து வந்தவள், எதற்கோ வெளியே கிளம்புகிறாள். "சாவி மேல் வூட்டு அக்காகிட்ட குடுத்துட்டேன்மா, நான் போறேன்," என்றாள்.

"போறேன்னு சொல்லாதடி," என்று சீறினேன். "எத்தினி வாட்டி சொல்றது. போய்ட்டு வரேன்னு சொல்லு."

அவள் அலுத்துக்கொண்டே போய்ட்டு வரேன் என்றாள். நான் போனை வைத்தேன். நிமிர்ந்தால் மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம் பொண்ணா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். எனக்குக் காது மடல் சூடானது. நான் நர்ஸ் படிப்பு படித்தவள். ரத்தம், பிணம் எல்லாம் பார்த்தவள். ஆனாலும் என் மகள் 'போறேன்' என்று சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று எனக்குப் பயம். எங்கள் வீட்டில் சாயந்திரம் விளக்கை அணை என்று யாரும் சொல்ல முடியாது, அமர்த்து என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்வதில்லை, நிறைய வாங்க வேண்டும் என்போம். இப்படியெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்கிற நான், வயிற்றில் பிள்ளையோடு வலியில் கிடக்கிறவள் தலைமாட்டில் நின்று, தாய்க்கோ சேய்க்கோ மரணம் என்று ராகம் போட்டு வாசித்திருக்கிறேன். என் மகளுக்கு யாராவது அப்படி வாசித்திருந்தால் அவர்கள் கையிலிருந்த காகிதத்தைக் கிழித்து மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

ஆனால் சொல்லாமலும் விட முடியாது. டாக்டர் விடமாட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அது இந்தப் பெண்ணின் உடம்பு.

தரையில் உட்கார்ந்தேன். வாசல் நிலையில் சாய்ந்திருந்த பெண்ணுக்கு எதிரில், ஈரத் தரையில். அவள் கண்ணைப் பார்க்காமல், அவள் காலைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"எனக்கும் கிழிச்சுதாம்மா எடுத்தாங்க," என்றேன்.

மாமியாரின் கைகள் மறுபடி மருமகளின் காதருகே போயின. பொத்தவில்லை. அருகில் நின்றன.

படிவத்தில் இருந்த எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஆனால் எல்லாம் எனக்கு. எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் எனக்கு மூச்சு நின்றிருக்கும். என் வயிற்றைக் கிழித்தார்கள், ரத்தம் நிற்காமல் போயிருந்தால் என் கர்ப்பப்பையையே எடுத்திருப்பார்கள். அப்போதும் நிற்காவிட்டால் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டேன். புண் ஆறாமல் சீழ் பிடித்திருக்கலாம். அடுத்த பிள்ளைக்கும் கிழிக்க வேண்டி வந்திருக்கலாம். வந்தது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, டாக்டர் எனக்குப் பின்னால் படிவத்தைப் பிடித்துக்கொண்டு, விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டு வந்தார். என் பேச்சுத் தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒரு இடத்தில் விரல் நின்றது. மெதுவாக, "சேய்," என்றார். குழந்தையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்று ஞாபகப்படுத்தினார்.

அதைச் சொல்லாமல் நழுவிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அந்தப் பெண்ணே கேட்டுவிட்டாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அந்தப் புள்ள இன்னா ஆச்சு?"

ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இப்போது போனில் பேசினாளே, அவள்தான் அந்தப் பிள்ளை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும். மாமியார் நம்பியிருப்பாள். புருஷன் நம்பியிருப்பான். கையெழுத்து உடனே கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னால் ஜீப்பில் ஏறிவிடுவார்கள், குழந்தை வழியிலேயே முடிந்துவிடும். ஆனால் அவள் கேட்டது என் கதையை இல்லை. தனக்கு என்ன ஆகும் என்று கேட்கிறாள். காலையிலிருந்து அவளிடம் யாருமே சொல்லாததைக் கேட்கிறாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது தங்கல," என்றேன். "லேட்டாதான் கிழிச்சாங்க. போன்ல பேசனவ அதுக்கப்புறம் வந்தவ."

ஏன் லேட் என்று அவள் கேட்கவில்லை, கண்ணால் கேட்டாள். சொன்னேன். என் மாமனார் அன்றைக்குச் சின்னசேலம் போயிருந்தார். அவர் வந்து சரி என்று சொன்னால்தான் கையெழுத்து என்று ஆண்கள் எல்லாரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே படுத்திருந்த என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன ஊசிதான் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். இதை நான் யாரிடமும் இப்படி வரிசையாகச் சொன்னதில்லை. சொல்லும்போது கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

வெளியே ஜீப் உறுமிக்கொண்டே இருந்தது. மாமியார் ஒரு கையால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். முடிந்தது, கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். கெடுத்துவிட்டேன், பொய்யே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வலி வந்துகொண்டிருந்தது. பெண் மூச்சைப் பிடித்தாள். காதருகே இருந்த மாமியாரின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். புருஷனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு லேட் பண்ணாத. கிழி."

டாக்டருக்கு இந்தத் தமிழ் புரிந்தது. படிவத்தை நீட்டினார். பெண் தரையிலேயே வைத்து, வலியோடு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். பத்தாவது வரைக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவளாம். எங்கள் வழக்கப்படி புருஷனை முதலில் கூப்பிட்டிருந்தால் அவளுக்கு எழுதத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. புருஷன்காரன் வெளியே போய் ஜீப்பை அணைக்கச் சொன்னான்.

மயக்க மருந்து டாக்டர் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்ததாம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். துடிப்பு ரொம்ப இறங்கிவிட்டிருந்தது. டாக்டர் குழந்தையை வெளியே எடுத்தபோது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. ஆண் குழந்தை. அழவில்லை. உடம்பு துவண்டு, நீலம் பாரித்திருந்தது. நான் வாங்கிக்கொண்டு போய் விளக்கடியில் போட்டு வாயையும் மூக்கையும் உறிஞ்சிச் சுத்தம் பண்ணினேன். முதுகைத் தேய்த்தேன். மூச்சுப் பையை முகத்தில் வைத்துக் காற்றை அழுத்தினேன். தையலை நிறுத்த முடியாமல் அங்கிருந்தபடியே டாக்டர் என்னாச்சு என்னாச்சு என்று கேட்கிறார், இந்தியில். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. பாதத்தைச் சுண்டினேன். தங்கிடுடா, தங்கிடுடா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம். மயக்க மருந்து டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அழுதான் பாருங்கள், அவன் அம்மா காலையிலிருந்து போடாத சத்தத்தையெல்லாம் சேர்த்துப் போட்டான். படுத்தபடியே அவள் தலையைத் திருப்பினாள். அழுவது தன் பிள்ளைதானா என்று கேட்டாள். அவன்தான் என்றேன்.

கையைக் கழுவும்போது டாக்டர் என்னிடம் வந்தார். நீங்கள் செய்தது படிவத்தில் சொன்ன முறை இல்லை என்றார். ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படி உங்கள் கதையைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். என்னிடம் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் தொடலாமா கூடாதா என்று அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நானே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி பண்ணிக்கொண்டோம். பெண்ணிடம்தான் முதலில் பேசுவோம். கூட யார் இருக்க வேண்டும் என்று அவளையே கேட்போம். எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்வோம். 'ஒருத்திக்கு இப்படி ஆகலாம்' என்று ஆரம்பிப்போம். சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது. ஒரு குடும்பம் கேட்காமல் கிளம்பியே போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் மழை கொஞ்சம் விட்டது. மாமியார் என்னிடம் வந்து கல்லுப்பு இருக்கிறதா என்று கேட்டாள். பேரனுக்குச் சுற்றிப் போடப் போகிறாள் என்று நினைத்து, சமையல்கட்டிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தேன். அவள் என்னை முற்றத்தில் கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னாள். யூனிஃபார்ம் புடவையோடு, பத்துப் பேர் பார்க்க, எனக்குச் சுற்றினாள். தலையிலிருந்து கால் வரைக்கும். நல்லதல்லாததை எல்லாம் நீ உன்மேல் போட்டுக்கொண்டாய், அது உன்னிடம் தங்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே சுற்றினாள். உப்பை மழைத் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் போட்டுவிட்டு, கையை என் முந்தானையிலேயே துடைத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை.

"தங்காம போனது ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள்.

ஆண் என்றேன்.

"பேரு இன்னா வச்ச?"

பேர் வைக்கிறதுக்குள் போய்விட்ட பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் பேர் கிடையாது. கேட்கவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள், அடுத்ததைப் பார் என்பார்கள். ஆனால் வயிற்றில் இருந்தபோதே நான் அவனுக்கு ஒரு பேர் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாளிடம் சொன்னேன். அவள் அதை நன்றாக வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நல்ல பேரு என்றாள். என் மகன் பேரை இன்னொருத்தர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.